தீக்குச்சி மெத்தையில் ஏழு குஞ்சுகள்

மார்கழியின் முதல் புதன்கிழமை, காலை ஆறரை மணிக்கு, எங்கள் தெருவில் என் குரல் கேட்டது. இதை ஒரு நிகழ்வாகவே பதிவு செய்ய வேண்டும். வகுப்பில் வருகைப் பதிவுக்கே வாய் திறக்கத் தயங்குபவள் நான் – பழைய வாசகர்கள் அறிவார்கள்.

காரணம், கோழி.

கோவில்பட்டியில் குளிரா என்று மலையூர் வாசகர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் கரிசல்காட்டைக் கடந்து வரும் வாடைக்காற்றை, பிறந்து பத்து நாளேயான குஞ்சு எதைக்கொண்டு தாங்கும்? சென்ற மார்கழியில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆகவே அம்மா இந்த முறை தீர்ப்பை முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

“இந்தத் தடவையும் குஞ்சு நிக்கலன்னா தாய்க்கோழியையும் வித்துருவேன். காலங்காத்தால செத்த குஞ்சைத் தூக்கிப் போட என்னால முடியாது, பாத்துக்கோ.”

வெள்ளைக் கழுத்துடைய அந்தக் கோழி என் செல்லம். அது எங்களோடு இருக்க வேண்டுமானால் ஏழு குஞ்சுகளும் பிழைக்க வேண்டும்.

இலக்கியம் படிப்பவள் எந்தச் சிக்கலையும் வாசித்துத்தானே அணுகுவாள்? இணையத்தில் வாசித்தேன். தரை உலர்ந்திருக்கட்டும், வாடையைத் தடுங்கள், வெப்பத்துக்கு பல்பு போடலாம் – மூன்றையும் ஒரே மாலையில் நிறைவேற்றினேன். ஒரு சந்து விடாமல் கூட்டைப் பாலிதீன் தாளால் போர்த்தினேன். உள்ளே பல்பைத் தொங்கவிட்டேன். தரைக்கு? பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா தீப்பெட்டி ஆபீசில், அதாவது ஆலையில், வேலை பார்ப்பவர். அடுப்பெரிக்க அவர் வாங்கி வைத்திருந்த, மருந்து முக்காத கழிவுக் குச்சியில் அரைச் சாக்கு கேட்டு வாங்கி, மெத்தை போட்டேன்.

இவ்வளவு செம்மையான கோழிக்கூடு விளாத்திகுளம் வரை கிடையாது என்ற நிறைவோடு உறங்கினேன்.

காலையில் கூட்டைத் திறந்தால்... பாலிதீன் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. மெத்தை ஈரம். ஏழும் உயிரோடு இருந்தன. ஒன்றின் அலகில் ஒரு குச்சி. குச்சியின் நுனியில் சிவப்பாக மருந்து.

குனிந்து பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்புத் தலைகள். மேலே, எரியும் பல்பு.

“செல்வியக்கா, கூட்டுக்குள்ள தீக்குச்சி...” – மேற்படி குரல் இதுதான்.

அக்கா பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். பின்னால் நான்கு வீட்டுப் பெண்கள், எல்லாரும் அதே ஆபீஸ்காரர்கள்.

“ஏட்டி, மொதல்ல அந்த லைட்ட அமத்து.”

“பத்திக்கிடுமாக்கா?”

“பெட்டியில ஒரசாம லேசுல பத்தாது. கொத்தித் தின்னுருச்சுன்னாதான் குஞ்சு தாங்காது. முக்குன குச்சியும் கலந்து கெடந்திருக்கு, நானும் பாக்காமக் குடுத்துட்டேன்.”

“தீவாளி முடிஞ்சு எத்தன நாளாச்சு,” என்றார் எதிர்வீட்டு அத்தை. “படிச்ச புள்ள இப்பதான் கோழிக்கு வெடி வைக்கா.”

தின்றனவா, இல்லையா? எப்படி அறிவது? எனக்குத் தெரியவில்லை; அவர்களுக்குத் தெரிந்திருந்தது. குச்சிகளைச் சாக்கின்மேல் கொட்டி, சுற்றி அமர்ந்தார்கள். நாள் முழுதும் குச்சியைப் பார்க்கும் கண்கள். பார்க்காமலே பிரிக்கும் விரல்கள். மருந்துக் குச்சி ஒரு பக்கம், வெறுங்குச்சி மறுபக்கம். மருமகள் கதை ஒன்று முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பிறகு மருந்துக் குச்சிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார் அக்கா.

“ஒத்தக் குச்சியிலயும் மருந்து உதிரல. எல்லாம் முழுத்தல. ஒண்ணும் திங்கலட்டி.”

அந்த நொடியில் நான் எதிர்வீட்டு அத்தையைக் கட்டிக்கொண்டேனாம். எனக்கு நினைவில்லை. தெருவுக்கு இருக்கிறது.

அக்கா பாலிதீனின் மேற்பகுதியைக் கிழித்தெறிந்தார். “கீழ மட்டும் மற. மேல தொறந்து கெடக்கட்டும், கோழி விடுத மூச்சு வெளிய போவணும்லா. காஞ்ச உமியப் போடு. ஈரந்தான் கொல்லும். சூட்டுக்கு ஆத்தாக்காரி றெக்க இருக்கு.”

பல்பு வாங்கப் போனவள், கோழி ஏற்கெனவே ஒரு போர்வையோடு பிறந்திருப்பதைக் கவனிக்கவில்லை. அன்பு மிகுந்தால் நாம் முதலில் அடைப்பது ஜன்னலைத்தான் போலும்.

முடிவு தெரியாமல் எழுத வேண்டாமென்று காத்திருந்தேன். மார்கழி முடிந்தது. ஏழும் இருக்கின்றன – ஏழும். விற்கும் பேச்சை அம்மா மறந்துவிட்டார். இன்று காலை குஞ்சுகளின் தட்டில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சில்லுன்னு இருந்தா குடிக்காதுல்லா, பாவம்.”

குளிக்க எனக்கும் கொஞ்சம் வெந்நீர் கேட்டேன்.

“ஒனக்கு என்னட்டி, பச்சத் தண்ணியே போதும்.”

எனக்கு இறகு இல்லை என்பதை யாராவது அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.