மூன்று மாதம் கவனமாக இருந்தவர்

எனக்கு முப்பத்தொன்பது வயதில் மூன்றாவது குழந்தை உண்டானது தெரிந்தது. அப்போது மூத்தவள் பதினொன்றாம் வகுப்பு, இளையவன் எட்டாம் வகுப்பு. அதற்கு நான்கு மாதம் முன்புதான் என் கணவர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்.

அவராக எடுத்த முடிவு அது. எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். "நீ பட்டது போதும், இதை நான் பண்ணிக்கிடுதேன்" என்றார். எங்கள் தெருவில் அப்படிச் சொன்ன ஆண் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தாலும் வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். இவரும் சொல்லவில்லை. ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். அங்கே ஹெர்னியா, குடலிறக்கம் என்று சொல்லி லீவு போட்டார். மணப்பாட்டில் இருக்கும் மாமியாரிடமும் ஹெர்னியாதான். அவர் திருச்சிலுவைக் கோயிலுக்குப் போய் மகனுடைய குடலுக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்.

ஆபரேஷன் நடந்தது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். டாக்டர் வயதானவர், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத மாதிரி பேசுவார். வீட்டுக்கு அனுப்பும்போது, "மூணு மாசம் கவனமா இருங்க" என்று சொன்னாராம். நான் அப்போது ஆட்டோ பிடிக்க வாசலுக்குப் போயிருந்தேன்.

அந்த மூன்று மாதமும் என் கணவர் இருந்த கவனத்தை என்னவென்று சொல்ல. நாள் முழுக்கக் கன்டெய்னர் தூக்குகிற மனிதர், வீட்டில் தண்ணீர் கேனைத் தொடமாட்டார். சிலிண்டரை நான்தான் உருட்டினேன். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு விட்டு ஏறினார். கருவாட்டுப் பையைக்கூட மகனிடம் கொடுத்துவிடுவார். மற்றபடி நாங்கள் எப்போதும் போல்தான் இருந்தோம்.

பிறகு எனக்கு மீன் வாசனை ஆகாமல் போனது. தூத்துக்குடியில் மீன் வாசனை ஆகாதவள் எங்கே போய் இருப்பது? பித்தம் என்று நினைத்தேன். வயசுக் கோளாறு என்று நினைத்தேன். கடைசியில் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன், இரண்டு கோடு. இன்னொன்று வாங்கினேன், அதிலும் இரண்டு கோடு.

அவரிடம் நீட்டினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருக்கு?" என்றார்.

"நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு இருக்கும்?"

அவர் அந்த இரண்டு கோட்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அரை நிமிடம் நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஆபரேஷன் செய்துகொண்ட ஆணுக்கு முதலில் என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியாதா? அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அந்த டாக்டரச் சும்மா விடக்கூடாதுளா" என்றார். அதைக் கேட்டு நான் உட்கார்ந்து அழுதேன். டாக்டர் மேல் உள்ள கோபத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் இன்னும் கோபப்பட்டார்.

மகப்பேறு டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, வேண்டாமென்றால் என்ன செய்யலாம், வேண்டுமென்றால் என் வயதில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று இரண்டையும் பொறுமையாகச் சொன்னார். ஒரு வாரம் யோசித்தேன். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கப்பல் சரக்குப் பேப்பர்கள் பார்க்கிறவள். அந்த வாரம் முந்திரி வந்த கப்பலின் பேப்பரை மரக்கட்டை வந்த கப்பலோடு சேர்த்து அனுப்பிவிட்டேன். "உன் உடம்பு, நீ என்ன சொன்னாலும் சரிதான்" என்று என் கணவர் சொல்லிவிட்டார். வேண்டாம் என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன், அழுகை வந்தது. வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன், பயம் வந்தது. பயம் தேவலை என்று பட்டது.

குழந்தை வேண்டும் என்று முடிவானதும் கேஸ் விஷயத்துக்கு வந்தோம். என் பெரியம்மா மகள் வக்கீல், கோர்ட் பக்கத்தில் மாடியில் ஆபீஸ். அக்கா டிஸ்சார்ஜ் சீட்டை இரண்டு முறை படித்தாள். அடியில் பொடி எழுத்தில், இங்கிலீஷில், மூன்று மாதம் முன்னெச்சரிக்கை தேவை என்று ஒரு வரி இருந்தது. எதற்கு என்று இல்லை. அக்காவின் முகம் மலர்ந்தது.

"நல்ல கேஸுளா. வெளக்கமாச் சொல்லாதது அவங்க தப்பு. நுகர்வோர் கோர்ட்ல போட்டுருவோம்" என்றாள். என் கணவரைப் பார்த்து, "தம்பி, நான் அவங்க பக்கத்து வக்கீல்னு வச்சுக்கிடுங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"மூணு மாசம் கவனமா இருங்கன்னாரு மதினி."

"இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எப்படி?"

"வெயிட்டு தூக்கல. மாடிப்படி மெதுவா ஏறினேன். பைக்ல போகும்போது ஸ்பீடு பிரேக்கர் வந்தா எந்திரிச்சு நின்னுக்கிடுவேன்."

ஓரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாவின் விரல்கள் நின்றுவிட்டன. அக்கா அசராமல் எழுதிக்கொண்டாள்.

"மருந்து குடுத்த எடத்துல எதும் சொன்னாங்களா?"

அவர் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். "சொல்லல. கவர்ல ஒரு பாக்கெட் கெடந்துச்சு."

"என்ன பாக்கெட்?"

"அதான் மதினி, உறை. ரெண்டு டஜன் இருக்கும்."

இது எனக்கே புதுச் செய்தி. "அத என்ன செஞ்சிய?" என்றேன்.

"திருப்பிக் குடுத்திட்டேன். வேற யாருக்கோ உள்ளத நம்ம கவர்ல தப்பாப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். ஆபரேஷன் பண்ணினவனுக்கு அது எதுக்கு? கவுண்டர்ல இருந்த அம்மா, இல்ல சார் வச்சுக்கோங்கன்னு சொல்லிச்சு. அடுத்தவங்க பொருள் நமக்கு வேண்டாம்மான்னு அங்கனயே வச்சிட்டு வந்துட்டேன்."

அக்கா பேனாவை மூடினாள். டைப் அடிக்கிற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இப்பவும் பாதி கேஸ் இருக்கு" என்றாள் அக்கா. "ஆனா கவுண்டர் அம்மாவச் சாட்சிக்குக் கூப்பிட்டா மீதியும் போயிரும். நீ வேணும்னா இவரு மேல போடு. கண்டிப்பா ஜெயிக்கலாம்."

பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். "நேர்மையா இருந்தது தப்பாளா?" என்று அவர் பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்தார்.

இதற்குள் மணப்பாட்டுக்குச் சேதி போய்விட்டது. மாமியார் தன் போக்கில் கணக்குப் போட்டுக்கொண்டார். மகனுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆனது, நான்கே மாதத்தில் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். அப்படியென்றால் இத்தனை வருஷமும் குறுக்கே நின்றது அந்தக் குடல்தான். கோயிலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறார். பிள்ளை இல்லாத இரண்டு பேர் போன் செய்து எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். "ஐயா, அங்க மட்டும் போயிராதிய" என்று கெஞ்சி, திருநெல்வேலியில் குழந்தையின்மைக்குப் பார்க்கும் டாக்டரிடம் என் கணவர் அனுப்பிவைத்தார்.

கேஸ் போட்டால் எல்லாம் வெளியே வரும். "வந்தா வரட்டும், போடுவோம்" என்றார். வாய்தான் சொன்னது. முகம் வெளுத்திருந்தது. முதலில் அந்த டாக்டரை நேரில் கேட்போம் என்று நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"நான் சொன்னேனேம்மா, கவனமா இருக்கணும்னு" என்றார் டாக்டர்.

"எதுல டாக்டர்?"

அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். பிறகு பழைய இடத்திலேயே வைத்தார். "அதான்மா, குடும்ப விஷயத்துல."

தலை நரைக்கும்வரை இந்த ஆபரேஷனைச் செய்தவருக்கு அப்போதும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது. "தப்புதாம்மா, தெளிவாச் சொல்லிருக்கணும். மன்னிச்சுக்கோங்க" என்றார். இனி வருகிறவர்களுக்குத் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள் என்றேன். நீங்களே எழுதிக் கொடுங்களேன் என்றார். அங்கேயே எழுதினேன்: ஆபரேஷன் முடிந்தவுடன் பலன் கிடைக்காது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று தெரியும்வரை, உறவின்போது ஆணுறை அணிய வேண்டும். கவரில் உள்ள பாக்கெட் உங்களுக்குத்தான், திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

டாக்டர் படித்தார். காது சிவந்தது. ஆனால் அச்சடித்துவிட்டார். நாங்கள் கேஸ் போடவில்லை. அக்காவுக்கு அதில் இன்றைக்கும் வருத்தம். என் கணவர் பரிசோதனைக்குப் போனார். ஒன்றுமில்லை, சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. அந்தத் தாளை அவர் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

மூத்தவள்தான் எங்களோடு இரண்டு வாரம் பேசவில்லை. பிரெண்ட்ஸ் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அழுதாள். குழந்தை பிறந்த அன்று, பெண் என்று தெரிந்ததும், ஆஸ்பத்திரிக்கு வந்து எட்ட நின்று பார்த்தாள். அது கொட்டாவி விட்டது. இவள் பக்கத்தில் வந்தாள்.

இப்போது சின்னவளுக்கு இரண்டு வயது. மூத்தவள் கல்லூரியிலிருந்து வந்ததும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பீச்சுக்குக் கிளம்பிவிடுகிறாள். போன வாரம் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, அங்கன ஒரு ஆன்ட்டி, ஒங்க அம்மாவுக்கு என்ன வயசுன்னு கேட்டாங்க. நான் அஞ்சு வயசு கொறச்சுச் சொல்லிட்டேன். யாராவது கேட்டா நீயும் அதையே சொல்லிரு."

சரி என்றேன்.