ஈஸ்ட் எடுக்கப் போகும் மாஸ்டர்

"ஈஸ்ட் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு பேக்கரி மாஸ்டர் மாவுக் கிடங்குக்குள் நுழைவார். ஒரு நாளைக்கு நாலு தடவை. அத்தனை ஈஸ்ட்டையும் போட்டிருந்தால் கட்டடமே உப்பியிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, ஓர் இழுப்பு இழுப்பார்.

கிடங்கெங்கும் மைதாத் தூசி. மூச்சிரைப்பை மறைக்க, மூச்சை அடைக்கிற இடமாகப் பார்த்துப் போய் ஒளிகிற புத்திசாலி இவர் ஒருத்தர்தான்.

தொழிலில் கெட்டி. மாவைத் தொட்டாலே தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். "சீக்காளி பிசைஞ்ச ரொட்டியை எவன் திம்பான்?" என்பது அவர் கட்சி. டாக்டர் தினமும் இழுக்கச் சொன்ன பழுப்பு இன்ஹேலர் வீட்டு அலமாரியில் தூங்கியது. "நல்லா இருக்கறப்ப எதுக்கு மருந்து?" என்பார். "நல்லா இருக்கறதுக்குத்தான்" என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மாவு சலிக்கையில் மூச்சு இரைத்தது. அவள் கூச்சப்படாமல் எல்லார் முன்னாலும் இன்ஹேலரை எடுத்து இழுத்தாள். முதலாளி பதறிப்போனார். "இது மத்தவங்களுக்கு ஒட்டுமா மாஸ்டர்?"

ஒட்டாது என்று மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். "எதுக்கும் அவங்க மாவுல கை வைக்க வேண்டாம் முதலாளி" என்றார். அன்றே அவளைத் தட்டு கழுவ அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு தட்டு கழுவும் தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் மாஸ்டருக்குத் தலை தானாகக் குனிந்தது.

போன வாரம் கிடங்கில் இரைப்பு அடங்கவில்லை. இன்ஹேலரும் காலி. மூட்டையைப் பிடித்துக்கொண்டு தவித்தவரை, தட்டு அடுக்க வந்த அவள்தான் பார்த்தாள். கொல்லைப்புறத்துக்கு இழுத்து வந்து, தன்னுடைய நீல இன்ஹேலரைத் துடைத்துக் கொடுத்தாள்.

"நிமிந்து உக்காருங்க. மெதுவா... இன்னொரு தடவை."

மூச்சு திரும்ப வெகுநேரம் ஆயிற்று. "மாஸ்க்கூடப் போடாம அந்தத் தூசிக்குள்ள ஏன் போறீங்க மாஸ்டர்?" என்றாள். அப்புறம்தான், ஒளிந்து மருந்து இழுக்கத்தான் அவர் அங்கே போகிறார் என்று அவளுக்கு விளங்கியது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எழுந்து போனாள். நாலு திட்டு திட்டியிருக்கலாம். வெட்கத்தில் மாஸ்டருக்குக் காது மடல் வரை எரிந்தது.

மறுநாள் காலை. முதலாளி ஆர்டர் படித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கழுத்தில் புது மாஸ்க் தொங்கியது. அவர் ஈஸ்ட் எடுக்கப் போகவில்லை. மாவு மேஜைக்கு முன்னால் நின்று, பழுப்பு இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, ஆழமாக இழுத்தார்.

"என்ன மாஸ்டர் இது? உங்களுக்குமா?"

பத்து எண்ணும் வரை மூச்சை விடக்கூடாது, பேச முடியாது. எல்லார் பார்வையும் மேலே விழ, கண்ணில் நீர் முட்ட, தொட்டிப் பக்கம் திரும்பி, மாவு மேஜைக்கு வரச்சொல்லி அவளைக் கையசைத்துக் கூப்பிட்டார்.