எங்கள் ஊரை உண்டாக்கியவர்

பட்டர்வொர்த்துக்குத் தெற்கே, ரயில் மனமிருந்தால் நிற்கும் ஒரு சிற்றூர்தான் எங்கள் பூர்வீகம். ஒரு ஸ்டேஷன், இரண்டு வரிசை குவாட்டர்ஸ், தண்டவாளத்தை ஒட்டி ஒரு மாரியம்மன் கோயில். அவ்வளவுதான் ஊர். அதை உண்டாக்கியதாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் மட்டும் ஊரைவிடப் பெரிய கூட்டம்.

எண்பதுகளில் கோயில் குழு ஒரு மலர் போட முடிவு செய்தது. அதில் ஊர் வரலாறு வரும். ஊரை உண்டாக்கியவர் என்று மலர் யாரைச் சொல்கிறதோ, அவர் குடும்பத்துக்கே இனித் திருவிழாவில் பரிவட்டம். எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அப்போது கடலுக்கு அந்தப்பக்கம் தீவில், டத்தோ கிராமாட்டில் குடியிருந்த பள்ளி ஆசிரியன். தீவில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று அக்கரையில் ஒரு மூடநம்பிக்கை உண்டு.

ரயில்வே குமாஸ்தாவாக ஓய்வு பெற்ற அப்பா என்னோடுதான் இருந்தார். அந்தப் பட்டுத்துணி ஒருமுறையாவது தன் தலையில் ஏறவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நான் பேனாவை எடுப்பதற்கு முன்பே அவர் புது வேட்டி வாங்கிவிட்டார்.

“என்ர ஐயா யாழ்ப்பாணத்திலயிருந்து வரேக்க இது வெறும் காடு. முதல் ரயிலில வந்து இறங்கின முதல் ஸ்டேஷன் மாஸ்டர் அவர்தான். வேற என்ன சான்று வேணும்?” என்றார்.

அந்தக் காட்டில் புலி இருந்ததாம். தாத்தாவின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிப் போனதாம்.

நானும் பயபக்தியோடு எழுதி எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் அக்காவிடம் போனேன். தண்டவாளம் போட வந்த கூலி ஒருவரின் பேத்தி அவர். படித்துக் காட்டினேன். கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, உங்க தாத்தா ரயில்லதானே வந்தாரு? அப்ப தண்டவாளத்த யாரு போட்டா? புலியா?”

மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் எவருக்கும் தோன்றாத கேள்வி. பட்டம் வாங்கிய எனக்கும்தான்.

“எங்க தாத்தா ஆளுங்கதான் சிலிப்பர் கட்டையத் தோள்ல சுமந்து வந்தாங்க. காய்ச்சல்ல செத்தவங்கள இங்கேயே பொதைச்சாங்க. பயந்து போயி அம்மன்னு ஒரு கல்ல நட்டாங்க. அதான் இந்தக் கோயில். இதையும் போடுங்க லா.”

போடுகிறேன் என்றேன். உண்மையாகவே போடும் எண்ணத்தில்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்தால், அப்பா கண்ணாடி முன் நின்று துண்டைத் தலையில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு அவிழ்த்தார். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, மலரை அச்சுக்கு அனுப்பினேன்.

திருவிழாவில் அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அன்று அவர் முகத்தில் இருந்த களையை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கூட்டம் கலையும்போது அக்கா மலரும் கையுமாக வந்தார். வாழ்த்துரை, நகைக்கடை விளம்பரம் என்று ஒரு பக்கம் விடாமல் புரட்டினார். கடைசிவரை போய், திரும்ப முதலிலிருந்து புரட்டினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“எங்க தாத்தா அடுத்த புக்குல வருவாரா தம்பி?”

“வருவாருக்கா” என்றேன்.

அடுத்த மலர் போடுவதாகக் குழுவில் யாரும் பேசவே இல்லை.