கடலுக்கு முதுகு காட்டுன வகுப்பு

உத்திராபதி சார் பேச்சு நகரவே நகராது. "அதாவது... டீச்சர்... புள்ளைங்கள... நாம... மொதல்ல... பாக்கணும்." இத அவரு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்த ரூம்புல நான் அட்டெண்டன்ஸே எடுத்து முடிச்சிருப்பேன்.

கம்மாபுரம் பக்கத்து ஆளு. கரும்பும் நெல்லும் பாத்து வளந்தவரு. கடல அவரு பாத்ததெல்லாம் மாசி மகத்துக்கு மாசி மகம், அதுவும் கால நனைக்கிற வரைக்குந்தான். 2011 ஜூன்ல மாறுதல் வாங்கிக்கிட்டு பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்துல எங்க ஸ்கூலுக்கு வந்தாரு. மீன்புடிக்கிற ஊரு. சுனாமிக்கு அப்பறம் ஒசரமா மேடை போட்டுக் கட்டுன பில்டிங். நாலாவதும் அஞ்சாவதும் அவருக்கு, இருபத்தாறு புள்ளைங்க. பாதிக்கு மேல எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்காது.

எங்க எச்செம், அதான் தலைமை ஆசிரியை, லோகநாயகி மேடம் மூக்கால பேசுவாங்க. "சார், ஏப்ரல் வரைக்குந்தான் ஒங்களுக்கு டைம். அதுக்குள்ள வாசிக்கல, அம்மாங்கள்லாம் டிசி கேட்டு வந்து நிப்பாங்க. பெறகு காலி பெஞ்சுக்கு நீங்க பாடம் எடுங்க."

ஜனவரியில, தானே புயல்ல பறந்துபோன கூரை ஓடுங்கள மாத்திக்கிட்டு இருக்கும்போது, அவர சிதம்பரத்துக்கு மூணு நாள் ட்ரெயினிங் அனுப்புனாங்க. டிசைன் திங்கிங். நடத்துன பையன் ஊசிப்பட்டாசு மாதிரியாம். "சார்! பாருங்க! கேளுங்க! சின்னதா செஞ்சு பாருங்க! தப்பா? மாத்துங்க!" இத சார் வந்து எனக்கு விளக்கி முடிக்க ஒரு மதியம் புடிச்சிது.

சும்மா சொல்லக் கூடாது, நெசமாவே பாத்தாரு. ஒரு வாரம் புள்ளைங்களோட கடைசி பெஞ்சுல ஒக்காந்து நோட்டுல கோடு போட்டாரு. கோடுன்னா, ஒரு புள்ள கிழக்கால ஜன்னல்ல திரும்பிப் பாத்தா ஒரு கோடு. போர்டு வடக்குச் சுவத்துல. கடல் வலது கைப் பக்கம், கூப்புடு தூரம். ஒரு பீரியடுக்கு நாப்பது கோடு.

"டீச்சர்... கண்டுபுடிச்சிட்டேன்... ஜன்னல்தான்."

தீப்பெட்டியில வகுப்பறை செஞ்சு எங்கிட்ட காட்டுனாரு. போர்டு மேக்குச் சுவத்துக்குப் போயிருந்திச்சி.

"எல்லாம் சரி சார், கக்கூஸ் எங்க?"

"வெளையாடாதீங்க. கடல் முதுகுக்குப் பின்னால போயிடுதா? எத இனிமே திரும்பிப் பாக்கும்?"

பெஞ்சையெல்லாம் திருப்பிப் போட்டோம். மொத நாள் புள்ளைங்க ஒக்காரல. அஞ்சாவது படிக்கிற சினேகா, ஒல்லியா, கரகரன்னு ஒரு கொரலு, கேட்டுச்சு: "சார், அப்ப யாரு பாக்குறது?"

"போர்ட பாரும்மா."

புள்ளைங்க ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்துதுங்க. பெறகு ஒக்காந்துதுங்க.

அன்னையிலேர்ந்து அந்த வகுப்புல சத்தமே இல்ல. அதான் எனக்கு நல்லா படல. என் ரூம்புல கூரை பிச்சிக்கிட்டுப் போவும். அங்க ஒரு பென்சில் விழுந்தா கேக்கும். எட்டிப் பாத்தா இருபத்தாறும் இமை கொட்டாம சார் மூஞ்சியையே பாக்குதுங்க. புஸ்தகத்த இல்ல, வாயக்கூட இல்ல. அவரு கண்ண. போர்டுல எழுத அவரு திரும்புனா போதும், அத்தன தலையும் பின்னால திரும்பும். அவரு முன்னால திரும்புறதுக்குள்ள பழைய எடத்துக்கு வந்துடும். இத நான் சொன்னேன், மாமியார் மாதிரி பேசாதீங்கன்னாரு. நோட்டுல கோடே விழலியாம்.

மார்ச்சுல வாசிக்கவும் ஆரம்பிச்சிதுங்க. எச்செம் மூக்கு ஒரு நாள் சிரிச்சிது. ட்ரெயினிங் பையன் போட்டோ எடுக்க வரேன்னான்.

அவன் வந்தது ஏப்ரல் பதினொண்ணு, மதியம். நானும் பின்னால சேர் போட்டு ஒக்காந்திருந்தேன். சினேகா நின்னு வாசிச்சிக்கிட்டு இருந்திச்சி. மேசையில இருந்த டம்ளர் தண்ணி கிடுகிடுன்னுது. பெஞ்சு மெதுவா அசஞ்சிது. சொவத்துல மேப்பு ஆடுச்சு.

யாரும் கத்தல. இருபத்தஞ்சு மூஞ்சியும் சார் மேல. சினேகா புஸ்தகத்த மூடிச்சி.

"சார், கடல் எப்படியிருக்கு?"

சாருக்கு எதுக்கால ஜன்னல். தலைய நிமுத்துனா போதும். அவரு போட்டோ புடிக்க வந்த பையனப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ வாசி."

சினேகா ஒரு நிமிஷம் அவரு கண்ணையே பாத்துச்சு. "சார் பாக்கல"ன்னுச்சு. அவருகிட்ட சொல்லல, மத்த புள்ளைங்ககிட்ட சொல்லுச்சு. பைய எடுத்து மாட்டிக்கிட்டு கதவப் பாத்து நடந்துச்சு. பின்னாலயே எல்லாம் எழுந்திருச்சு. சின்னதுங்க கைய பெருசுங்க புடிச்சிக்கிச்சிங்க. ஓடல. வரிசையா ரோட்டப் பாத்து போச்சுங்க.

"ஒக்காருங்க... ஒக்காருங்கடா..."

கொஞ்ச நேரத்துல மைக் கட்டுன ஆட்டோ வந்திச்சி. கடலோரத்துல இருக்கவங்கல்லாம் மேட்டுக்குப் போங்கன்னு. நாங்க ஓடுனோம். புள்ளைங்க அதுக்குள்ள பாதி தூரம் போயிருந்திச்சிங்க.

அன்னைக்குக் கடல் வரல. மறுநா புள்ளைங்களும் வரல. வந்தது மூணு. சார் குப்பத்துக்கு நடந்தே போனாரு, நானும் போனேன். சினேகா அம்மா புஷ்பவள்ளி மீன் கூடைய கழுவிக்கிட்டே சொன்னாங்க: "எங்க ஊட்டுல சோறு திங்கும்போதுகூட ஒரு ஆளு கடலப் பாத்து ஒக்காருவோம் சார். சுனாமிக்கு அப்பறம் அப்படித்தான். ஸ்கூல்லயும் புள்ளைங்க மொறை வச்சித்தான் பாத்துதுங்க. நீங்க திருப்பிப் போட்டதும், சரி, சாரு நேரா பாத்துக்கிட்டு நிக்கிறாரு, அவரு பாத்துப்பாருன்னு நெனச்சிதுங்க."

இத அவரு மொதல்லியே கேட்டிருக்கலாம். ட்ரெயினிங் நோட்டுல ரெண்டாவது வரியே 'கேளுங்க'தான்.

பதினாறு பேரு திரும்பி வந்துதுங்க. போர்ட பழையபடி மாத்தட்டுமான்னு இந்த வாட்டி கேட்டாரு. வேணாம்னுதுங்க. இப்ப ரெண்டு வரிக்கு ஒருவாட்டி தலைய நிமுத்தி ஜன்னலப் பாத்து, "பாத்துட்டேன்"னு சொல்றாரு. போர்டுல எழுதுறது சினேகா. அவரு திரும்பவே கூடாதாம்.

வாசிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பதினாறும் பைய முதுகுலேர்ந்து கழட்டுறதில்ல.

போன வாரம் பாடத்து நடுவுல அவரு கண்ணு ஜன்னல்லயே நின்னுடுச்சு. "பாத்துட்டேன்" வரல. நான் வாசல்ல நின்னிருந்தேன். பதினாறும் ஒண்ணா எழுந்திரிச்சதுல பெஞ்செல்லாம் பின்னால நகந்த சத்தம் கேட்டுச்சு.