வாடை அடித்தால் போன் வரும்

அப்பாவுக்கு வளைகுடாவில் மீன்பிடி வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, அதே போட்டில் இருந்தார். அம்மாவுக்கு புனே பக்கம் போசரியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒற்றை அறையில் அவளும் நானும்.

நான் கடலைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த கடல் அம்மாவின் போனில், காற்று காட்டும் வரைபடத்தில் இருந்தது. அடைபட்ட கடல். சுற்றிலும் நிலம், கீழ் மூலையில் மட்டும் வாசல். அதன்மேல் அம்புகள் ஊரும். மேலேயிருந்து கீழே, எந்த வருஷமானாலும் அதே வழி. அது வடக்குக் காற்று. அப்பா வாடை என்பார். மெல்ல அடித்தால் பச்சை. பலமாக அடித்தால் சிவப்பு.

பச்சை என்றால் போட்டு கடலில் இருக்கும். டவர் கிடையாது. சிவப்பு என்றால் கரையில் கட்டிவிடுவார்கள். போன் வரும். அதனால் எனக்குச் சிவப்புதான் பிடிக்கும்.

"வா வாடையே வா" என்று ஒருநாள் பாடினேன். அம்மா என் வாயில் ஒரு அடி போட்டாள்.

அப்பா அதிகம் பேசமாட்டார். ஒருதடவை சொன்னார்: "இங்க ஆனி ஆடி வாடை சொல்லிட்டு வரும் மக்கா. மார்கழி, தை வாடைய நம்பப்பிடாது."

மாமா போனைப் பிடுங்குவார். "ஏய் புனேக்காரி, இன்னைக்கி என்ன தின்ன?"

"வடாபாவ்."

"மீனு?"

"இல்ல."

"அப்பம் நீ எங்க சாதியே இல்ல, போ."

அந்த வருஷம் சங்கராந்தி அன்று பக்கத்து வீட்டு மராத்தி அத்தை, காகூ, எனக்கு எள்ளுருண்டை தந்தாள். மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். சாயங்காலம் போனைத் திறந்தால் காலையில் பச்சையாக இருந்த கடல் முழுக்கச் சிவப்பு.

"யம்மா, சிவந்துட்டு! அப்பா போன் போடும்."

அம்மா வாங்கிப் பார்த்தாள். "போட்டு கடலுக்குள்ள கெடக்கு ட்டி" என்றாள்.

"வந்துரும்லா."

அவள் அன்று உலை வைக்கவில்லை. மறுநாள் கம்பெனிக்குக் கிளம்பினாள், கார்டைக் கழுத்தில் மாட்டினாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். அப்பா.

"நான் சொன்னம்லா, காத்து அடிச்சா போன் போடுவியன்னு!"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"மாமாகிட்ட குடுங்க. ஒரு காரியம் சொல்லணும்."

"அம்மாகிட்ட குடு மக்கா."

கொடுத்தேன். அம்மா காதில் வைத்துக் கேட்டாள். கழுத்துக் கார்டைக் கழற்றித் தரையில் வைத்தாள். மாமாவை அலை கொண்டுபோய்விட்டது என்று எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

போன் தரையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கடல் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. அப்படியென்றால் நாளைக்கும் போன் வரும். எள்ளுருண்டை தின்றதை மாமாவிடம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.