உட்காரும், ஒத்துப்போகாது

காயிலக்காவுக்கு இடது கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையை அடித்து அடித்துத் திருத்தப் பார்த்தார்கள். கை திருந்தவில்லை, பள்ளிக்கூடம்தான் பாதியில் நின்றது. எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் மெல்லிய செம்புக் கம்பியால் ஒரு கட்டுப் போட்டு, ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள். எல்லோரும் அந்தக் கட்டை வலமாகச் சுற்ற, இவள் இடமாகச் சுற்றினாள். பட்டறைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஊரே ஒரு பக்கம் சுத்துது, நீ மட்டும் எதிர்ப்பக்கமா சுத்தியிருக்க?"

"கரண்டுக்கு இடது கை வலது கை தெரியுமாய்யா? ஓடுதான்னு பாருங்க."

ஓடியது. அவருக்குக் கண் மங்கியபோது பட்டறையே அவள் கைக்கு வந்தது. சொந்தப் பெயரை மறந்து ஊர் அவளைக் காயிலக்கா என்றே கூப்பிட்டது.

அம்மா போன பிறகு அவளே தூக்கி வளர்த்த தம்பி ஒருவன் இருந்தான். பந்தயப் படகு இன்ஜின்களைப் பிரித்து மறுபடி கட்டுவது அவன் தொழில். அந்தத் தொழிலில் பாதி ஸ்பானர் பிடிப்பது, மீதி அலைவது. இன்ஜின் செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ கைவிட்டிருக்கும். உதிரி பாகத்துக்குப் பழைய இரும்புக்கடையிலிருந்து பெரிய ஷோரூம் வரை செருப்புத் தேய நடக்க வேண்டும். படகு இன்ஜின் பலவும் கார் இன்ஜினுக்கு உடன்பிறப்பு என்பதுதான் இதில் உள்ள கண்ணி. காரின் பாகம் படகில் அச்சாக உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகுதான் அதன் குணம் தெரியும். இன்ஜினின் தலைப்பகுதியை இறுக்கி அடைக்கும் காரின் ஹெட் கேஸ்கெட் உட்காரும். உப்புத் தண்ணீர் அதை அரித்துத் தின்றுவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் காரின் கார்புரேட்டர் உட்காரும். பெட்ரோல் நிறைந்தால் வெளியே வழிந்து படகின் அடியில் தேங்கும்.

"உக்கார்றது வேற, ஒத்துப்போறது வேற அக்கா," என்பான் தம்பி. "நம்ம வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க மாதிரி. வந்து நல்லா உக்காருவாங்க."

அவன் பாகம் வாங்கிய பெரிய கடையின் முதலாளிக்கு ஊர் வைத்த பெயர் ஒரிஜினல். எதைக் கேட்டாலும் "ஒரிஜினல் தம்பி, பெட்டி பிரிக்காதது" என்பார். சொந்தமாகப் பந்தயப் படகுகள் வைத்திருந்தார். படகுச் சங்கத்துக்கும் அவரே தலைவர். அவர் கடையிலிருந்து தம்பி ஒரு ஸ்டார்ட்டர் வாங்கினான், இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார். வெள்ளைச் சாயம், லேபிள், பெட்டி எல்லாம் கச்சிதம். ஒரு வாடிக்கையாளரின் படகில் அதைப் பூட்டி, மூடியைச் சாத்தி, சாவியைத் திருப்பினான். படகு வெடித்தது.

படகுத் துறையில் கூடியவர்களிடம் ஒரிஜினல் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "விதி. அவன் நேரம் முடிஞ்சுது." நாலு பேர் தலையாட்டினார்கள். விதி என்ற சொல்லை முதலில் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஒரு கடை முதலாளியாகத்தான் இருந்திருப்பான். விற்ற சரக்குக்குப் பொறுப்பேற்க வேண்டாத ஒரே ரசீது அது. ஆனால் விதியை மட்டும் எழுதினால் விசாரணைக் கோப்பு மூடாது. அதனால் ஒரு சிகரெட்டைச் சேர்த்தார்கள். இறந்தவன் இன்ஜின் அறைக்குப் பக்கத்தில் சிகரெட் பிடித்தான், பெட்ரோல் பற்றிக்கொண்டது. முடிந்தது கதை.

அவன் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டவன் இல்லை. ஆனால் பொய்யைத் திரும்பத் திரும்பக் கேட்டால் வீட்டுக்குள்ளேயே அது பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறது. ஒரு நாள் தம்பி மனைவி சோற்றை வடித்துக்கொண்டே, "அவர் சட்டையில புகை வாசனை வரும் அண்ணி. ஒருவேளை எனக்குத் தெரியாம..." என்று இழுத்தாள்.

"அது வெல்டிங் புகைடி!" என்று கத்தினாள் காயிலக்கா. கத்திய பிறகுதான் உறைத்தது. தம்பியை ஒரு முறை கொன்றது போதாதென்று அவன் பெயரையும் கொன்றுவிட்டார்கள். அவன் மகள் பள்ளியில் சிகரெட்டுக்காரன் பெண்ணாகிவிட்டாள். அந்தப் பெயரைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று அந்த அடுப்படியில் நின்றபடியே முடிவு செய்தாள்.

கொஞ்ச காலம் கழித்துப் பழைய இரும்பு வியாபாரி செம்புக்காக எரிந்த மோட்டார்களைக் கொண்டுவந்து பட்டறையில் கொட்டினார். கரி பிடித்த ஒரு ஸ்டார்ட்டரில் ஓரமாக வெள்ளைச் சாயம் ஒட்டியிருந்தது.

"இது எங்க கிடைச்சுது அண்ணே?"

"வெடிச்ச போட்லேருந்து வந்ததும்மா," என்றவர், சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் பிரித்தாள். காற்றுத் துளைகள் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. ஸ்டார்ட்டர் சுழலும்போது உள்ளே கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ்ஷில் தீப்பொறி பறப்பது இயல்பு. காருக்கு அடியில் திறந்த வெளி. பெட்ரோல் ஆவி நிற்காது. படகில் இன்ஜின் அறை ஒரு மூடிய குழி. ஆவி அங்கேயே இறங்கிப் படுத்திருக்கும். அதனால் படகு ஸ்டார்ட்டரைப் பொறி வெளியே வராதபடி மூடியே செய்வார்கள். இது மூடாதது. கார் ஸ்டார்ட்டர். துளைகளின் மேல் தகரத்தை ஒட்டிச் சாயம் பூசிய தடம் இருந்தது. தீயில் தகரம் எங்கோ போய்விட்டது. தம்பியின் கண்ணையே ஏமாற்றியிருக்கிறார்கள்.

பிறகு அவள் காயிலைப் பார்த்தாள். செம்புக் கட்டு இடமாகச் சுற்றியிருந்தது.

அவள் கட்டியது. "வேனுக்கும்மா, கட்டி வை," என்று ஒரிஜினல் கடையிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த பழைய ஸ்டார்ட்டர்களில் ஒன்று. அவள் கையால் உயிர் கொடுத்த மோட்டாரை வாங்கிச் சாயம் அடித்து அவள் தம்பிக்கே விற்றிருக்கிறான். அவள் அழவில்லை. மோட்டாரைத் துணியில் சுற்றிக்கொண்டு விசாரணை அதிகாரியிடம் போனாள்.

ஒரிஜினலை அழைத்தார்கள். அவர் அசரவில்லை. "ஆமா சார், கார் மோட்டார்தான். அதுக்கென்ன? பல்லு ஒண்ணு, போல்ட் ஒண்ணு, ரெண்டும் ஒரே பொருள்தான். கார்ல சுத்துறது போட்ல சுத்தாதா?"

"தகரம் ஒட்டியிருக்கான் சார்."

"எங்கம்மா தகரம்?" என்றார் அதிகாரி.

தகரம் இல்லை. வித்தியாசம் அவருக்குத் தெரியாது என்றால் அது அறியாமை; அறியாமைக்குத் தண்டனை கிடையாது என்று அதிகாரி விளக்கினார். ஏழை தெரியாமல் செய்தால் குற்றம், பணக்காரன் தெரியாமல் செய்தால் அறியாமை. கோப்பு சிகரெட்டோடு மூடப்பட்டது.

அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்த விதம் வேறு. ஒரிஜினலின் சொந்தப் படகுகளின் ஸ்டார்ட்டர்கள் பழுதுக்கு அவள் பட்டறைக்கு வருவதுண்டு. இப்போது அவற்றை உற்றுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அசல் படகு ஸ்டார்ட்டர். ஊசி நுழையாதபடி மூடியது. ஊருக்குத் தகரம், தனக்கு அசல்! தெரியாதவன் ஒரு தடவையாவது தன் படகிலும் தப்புச் செய்திருப்பான். இவன் செய்யவே இல்லை.

அவளிடம் கத்தி இல்லை, ஆள் இல்லை, வக்கீல் இல்லை. காத்திருக்கும் வயிற்றெரிச்சல் மட்டும் இருந்தது. வேனுக்கு என்று வந்த மூட்டைகளை வாசலோடு திருப்பி அனுப்பினாள்; ஒரிஜினல் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார். தம்பியோடு வேலை பார்த்த ஃபிட்டரைச் சேர்த்துக்கொண்டு முழு இன்ஜின் கட்டும் வேலையிலும் இறங்கினாள். துறையில் அவள் கட்டிய இன்ஜின்கள் பெயர் வாங்கின.

ஒரு நாள் அவள் தேடிப் போகாமலே ஒரிஜினல் வந்து நின்றார்.

வெளிநாட்டிலிருந்து பழைய பந்தயப் படகு ஒன்றை வாங்கியிருந்தார். இரட்டை இன்ஜின். படகு நேராக ஓட ஒன்று இப்படியும் மற்றது அப்படியும் சுற்ற வேண்டும். எதிர்ச்சுற்று இன்ஜினுக்குப் பாகமே கிடைக்கவில்லை. ஸ்டார்ட்டரும் தலைகீழாகச் சுற்ற வேண்டும். எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் ஆயில் சீலின் வரிப்பள்ளம்கூட மறுபக்கம் சாய வேண்டும்.

"ஊரெல்லாம் தேடிட்டேன். உன்னாலதான் முடியும்னு சொல்றாங்க. பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா."

"எதை மொதலாளி?" என்றாள் அவள், கையிலிருந்த கம்பியை விடாமல்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. ஏறி மிதித்தவனுக்குக் காலடியில் என்ன இருந்தது என்று நினைவிருப்பதில்லை.

"செஞ்சு தர்றேன். ஒரே ஒரு ஆசை. பந்தயத்தன்னைக்கு முதல் சாவிய நீங்கதான் திருப்பணும். வேற யாரும் இல்ல."

"அட, என் போட்டு, நான் திருப்பாம?" ஒரிஜினலுக்கு முகமெல்லாம் பல்.

அவர் போனதும் ஃபிட்டர் ஸ்பானரைத் தூக்கி எறிந்தார். "அவன் இன்ஜினை நாம கட்டணுமாக்கா? உங்களுக்குப் புத்தி கித்தி..."

"நல்லா கட்டுவோம்டா. ஒரு போல்ட்கூட குறை சொல்லக்கூடாது."

உண்மையாகவே நன்றாகக் கட்டினார்கள். படகுக்கான கேஸ்கெட்டுக்கு ஊர் ஊராக ஆள் விட்டார்கள். உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும் இரும்பு அடைப்பான்களை எடுத்துவிட்டுப் பித்தளை போட்டார்கள். ஃபிட்டர் முதல் ஆயில் சீலைப் பழக்கதோஷத்தில் சாதாரணச் சுற்றுக்கு வாங்கிவந்தார். அது அழகாக உட்கார்ந்தது. எதிர்ப்பக்கம் சுற்றிப் பார்த்ததும் எண்ணெயை வாரி வெளியே இறைத்தது. "பாருங்கக்கா, உக்காந்துக்கிட்டே துப்புது, சங்கத் தலைவர் மாதிரி," என்றார். எதிர்ச்சுற்று ஸ்டார்ட்டருக்குக் காயிலக்கா தானே காயில் கட்டினாள். பொறி வெளியே வராத மூடி. ஒட்டுத் தகரம் அல்ல, அசல். கடைசியில் ஃபிட்டரை ஒரிஜினல் கடைக்கு அனுப்பி வெள்ளைச் சாய ஸ்டார்ட்டர் ஒன்றைப் பெட்டியோடு வாங்கிவரச் சொன்னாள். மோட்டாரை மூலையில் போட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துவைத்தாள்.

பந்தயத்தன்று துறையில் பந்தல். முன்வரிசையில் பெரிய மனிதர்கள், அவர்களில் அந்த விசாரணை அதிகாரியும். ஒரிஜினல் வெள்ளை உடையில் படகில் ஏறி இருக்கையில் சாய்ந்தார். காயிலக்காவும் படகில் ஏறி அவர் பக்கத்தில் நின்றாள். அறிவிப்பாளர் துறையின் விளிம்பில் குனிந்து, "தலைவர் ரெண்டு வார்த்தை," என்று மைக்கை நீட்டினார். ஒரிஜினல் ஒரு கையால் மைக்கை வாங்கி, மறுகையைச் சாவியில் வைத்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்ன பெட்ரோல் வாடை?"

"உள்ள கொஞ்சம் ஒழுகியிருக்கும். ஒண்ணும் ஆகாது, திருப்புங்க," என்றாள். கையிடுக்கில் வைத்திருந்த காலிப் பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். "வலது இன்ஜினுக்கு உங்க கடை ஸ்டார்ட்டரே போட்டுட்டேன். வீட்டுல பொருள் இருக்கும்போது வெளிய எதுக்கு?"

சாவியிலிருந்து அவர் கை எடுபட்டது. சுட்டதுபோல எடுபட்டது.

"மொதல்ல அதை மாத்து."

"எதுக்கு மாத்தணும்? ஒரிஜினல்தானே?"

"மாத்துன்னா மாத்து."

"பல்லு ஒண்ணு, போல்ட் ஒண்ணு. ரெண்டும் ஒரே பொருள்னு நீங்கதானே ஆபீசர் முன்னாடி சொன்னீங்க? அதோ, அவரே உக்காந்திருக்காரு. திருப்புங்க. எனக்கும் இங்கதான் உயிர் இருக்கு, நான் இறங்கலையே?"

"விளையாடாதடி!" ஒரிஜினல் எழுந்துவிட்டார். கையில் மைக் இருப்பதே மறந்துபோனது. "அது கார் மோட்டாரு! தகரம் ஒட்டினது! பொறி பட்டா வெடிச்சுச் செத்துருவேன்!"

ஒலிபெருக்கிகள் அதைத் துறை முழுவதும் சொல்லின. அக்கரையிலிருந்து எதிரொலி வேறு வந்தது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றாள் காயிலக்கா. குரலை உயர்த்தவில்லை. மைக் பக்கத்திலேயே இருந்தது. "தகரம் ஒட்டினதுகூடத் தெரியும். என் தம்பிக்கு விக்கிறப்பவும் தெரியும். செத்தவன் வாயில சிகரெட்ட வெச்சப்பவும் தெரியும்."

ஒரிஜினல் துறைக்குத் தாவினார். ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்து மிதந்தது. யாரும் எடுத்துத் தரவில்லை. காயிலக்கா இருக்கைக்கு அடியில் கைவிட்டுப் பெட்ரோலில் நனைத்த துணி ஒன்றை உருவித் துறையில் எறிந்தாள். வாடை அவ்வளவுதான், இன்ஜின் அறை துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அப்படியும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, ஆவியை வெளியேற்றும் காற்றாடியை நெடுநேரம் ஓடவிட்டு, அதே இருக்கையில் உட்கார்ந்து, இடது கையால் சாவிகளைத் திருப்பினாள். இரண்டு இன்ஜின்களும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி ஒரே குரலில் உறுமின.

அந்த உறுமலுக்குப் பதில்போலத் துறையில் வேறொரு சத்தம் எழுந்தது. படகுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் படகின் மூடியைத் திறந்து, வெள்ளை ஸ்டார்ட்டர்களைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார்கள். தகரம் தகரமாக உரிந்து விழுந்தது. பந்தயம் நடக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரிஜினல் கடை வாசலில் வெள்ளை மோட்டார்கள் குவியலாகக் கிடந்தன. ஷட்டரைத் திறக்க வழியில்லை. விசாரணை அதிகாரி கோப்பை மறுபடி திறந்தார். திறக்காமல் போயிருந்தால் அவர் பின்னால் நின்ற கூட்டமே அவரைத் திறந்திருக்கும். அதிலிருந்து சிகரெட் அடித்து நீக்கப்பட்டது. அந்த இடத்தில் ஒரிஜினலின் சொந்தப் பெயர் எழுதப்பட்டது.

வீட்டில் தம்பி மனைவி அவளுக்குத் தட்டு வைத்தாள். பரிமாறவில்லை, கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள்.

"அவர் மேல நானே சந்தேகப்பட்டேனே அண்ணி."

"நீ படல. படவெச்சாங்க. உக்காரு, நீயும் சாப்பிடு."

உட்கார்ந்தாள். தனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த ஆள் துணிஞ்சு சாவியத் திருப்பியிருந்தா?"

"இன்ஜின் ஸ்டார்ட் ஆயிருக்கும். நாங்க கட்டினது ஆச்சே, பந்தயத்துலகூட ஜெயிச்சிருப்பான். கோப்பையோட போட்டோ எடுத்துக் கடையில மாட்டியிருப்பான்."

"உங்களுக்குப் பயமா இல்லையா அண்ணி?"

காயிலக்கா இடது கையால் சோற்றுப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரொம்பப் பயந்தேன். அந்தப் பாவி நெசமாவே ஒண்ணும் தெரியாத முட்டாளா இருந்துடுவானோன்னு."