மேடையில் என் முதுகு

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல எனக்கு வராது என்பதால் எழுதுகிறேன்.

அகதியாக வந்த இந்த நாட்டிலும் எங்கள் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். நான் போவதில்லை. செருப்பு வைக்கும் இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். "அப்பாக்குச் சரியான வெக்கம்" என்று மகள் சிரிப்பாள். அவள் அப்படியே நினைத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் முதுகுத் தழும்புகள் மனைவிக்குத் தெரியும். அகதி வழக்குக்காக டொக்டருக்கும் சட்டத்தரணிக்கும் காட்டினேன். சட்டத்தரணியின் அறைக்கதவைச் சாத்திய பிறகுதான் சட்டையைக் கழற்றினேன்.

அந்தச் சட்டத்தரணி இப்போது பெரிய ஆள். இந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் இருக்கிறார். அது போதாதென்று எங்கள் பகுதிக் கவுன்சில் தேர்தலிலும் நின்றார். வாக்குக் கேட்டுக் கோயில் மண்டபத்துக்கு வந்தவர், கடைசி வரிசையில் இருந்த என்னைக் கண்டுவிட்டார்.

"அண்ணை, மேல வாங்கோ!"

மாட்டேன் என்று தலையாட்டினேன். இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். "மாப்பிள்ளை மணவறைக்கு வரமாட்டாராம்!" என்று யாரோ கத்த, மண்டபம் சிரித்தது. சட்டத்தரணி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்திய கையை என் முதுகிலேயே வைத்துக்கொண்டு மைக்கில் பேசினார்.

"இந்த முதுகை நான் பாத்திருக்கிறன். வயராலயும் சிகரெட்டாலயும் ஊரில ஆமிக்காரர் செய்த வேலை. இப்பிடிப்பட்ட மனிசனைத் திருப்பி அனுப்பப் பாத்தவங்கள். நான் விடேல்லை!"

எல்லோரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த என் மகள் தட்டவில்லை.

மைக்கை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன். அவரைக் கும்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

தேத்தண்ணி மேசையடியில் வந்து தோளில் தட்டினார்.

"என்ன அண்ணை, கோவமோ? சனம் கைதட்டினதைக் கண்டனீங்களோ?"

"நான் கதவைச் சாத்திப்போட்டெல்லோ காட்டினனான்."

"அந்தக் கேஸ் முடிஞ்சு எவ்வளவு காலம், அண்ணை!"

"உங்களுக்கு முடிஞ்சுது."

பொன்னாடையை மடித்து அவர் கையில் வைத்தேன். "அடுத்த மேடைக்கு உதவும். வேற முதுகு ஏதும் கிடைக்கும்."

அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார்.

பஸ்சில் மகள் பக்கத்தில் இருந்தாள்.

"அதாலதான் கோயிலுக்குள்ள வாறேல்லையோ, அப்பா?"

"ஓம்."

நான் சீட்டில் சாய்ந்தேன். நோகுமோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் இறங்கும் கோலியர்ஸ் வுட் வரும்வரைக்கும், நான் அசையும்போதெல்லாம் பார்த்தாள். என் பிள்ளையின் முகத்தில் அந்தப் பார்வை வரக்கூடாது என்றுதான் இத்தனை வருடம் செருப்புகளோடு நின்றேன்.

அவர் வென்றுவிட்டார். என் வாக்கு அவருக்கு விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, 10 மே 2026